தடை போட்டா தீ அணைஞ்சிருமா?

குரங்கணி பத்திப் பேச்செடுத்தா நம்ம பதிவுலகத்துல ரெண்டே வசனம்தான் வரும். "கொழுப்பெடுத்துப் போனா இப்படித்தான்" ஒண்ணு. "மலையேற்றத்தையே மொத்தமா தடை பண்ணுங்க" இன்னொண்ணு. ரெண்டுமே சோம்பேறித்தனம். ஏன்னு சொல்லிடறேன், அப்புறம் பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கிட்டு இருந்தவங்களைக் காட்டுத்தீ வளைச்சது. இறந்தவங்க 23 பேர். அதுல நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களும் உண்டு. டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைக்கு இல்லைன்னு அப்ப வனத்துறை சொன்னது. சரி, அப்படியே இருக்கட்டும். அனுமதி இருந்த பாதையிலேயே போயிருந்தாலும், அன்னிக்கு எந்தச் சரிவு ஆபத்துன்னு அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா?

அதே 2018, ஏப்ரல் கடைசி. பிரான்ஸ்ல ஷமோனி, ஸ்விட்சர்லாந்துல ஸெர்மாட். இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல ஸ்கீ மாட்டிக்கிட்டே மலை தாண்டிப் போற பாதை ஒண்ணு உண்டு. ஓத் ரூட்னு பேரு. அந்தப் பாதையில அரோலா பக்கம் பனிப்புயல்ல மாட்டி 7 பேர் இறந்தாங்க, வழிகாட்டி உள்பட. அதுக்காக பாதையை இழுத்து மூடலை. இன்னிக்கும் ஜனங்க போறாங்க.

அங்க உயிரே போகாதுன்னு நான் சொல்லலை. போறவன் கையில என்ன இருக்குங்கறதுதான் விஷயம். ஸ்விட்சர்லாந்துல பனிக்காலம் முழுக்க தினமும் சாயங்காலம் 5 மணிக்கு பனிச்சரிவு அறிக்கை வரும். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரை அபாய அளவு, எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல, எல்லாமே இருக்கும். அதுவும் நாலு மொழியில. 30 டிகிரிக்கு மேல சாஞ்ச சரிவு எதுன்னு வரைபடமே காட்டிடும். அளவு மூணுன்னா அந்தச் சரிவைத் தவிர்க்கணும், இல்ல திரும்பிடணும். பாதை போடறதுன்னா இதுதான். ரெண்டு ஊருக்கு நடுவுல கூகுள் மேப்ல கோடு இழுக்கறது இல்லை.

அவனியாபுரத்துல உக்காந்துக்கிட்டு ஆல்ப்ஸ் கதை பேசறான்னு சிரிக்காதீங்க. எங்க ஊர்லேர்ந்து போடி சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்க பனி இறங்கும், இங்க தீ ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம். காய்ஞ்ச புல் சரிவுல தீ மேல் நோக்கித்தான் பாயும். சரிவு செங்குத்தாக ஆக வேகமும் கூடும். அதுக்கு மேல நிக்கறவன் ஓடித் தப்பிக்கறது கஷ்டம்.

நம்மகிட்ட தொழில்நுட்பம் இல்லையா? இருக்கு. டேராடூன்ல இருக்கற இந்திய வன அளவை நிறுவனம் 2004-லேர்ந்து செயற்கைக்கோள் வழியா தீ எங்க எரியுதுன்னு கண்டுபிடிச்சு சொல்லிட்டு வருது. பதிவு பண்ணா நமக்கே எஸ்எம்எஸ் வரும். ஆனா அது தீ பிடிச்ச பிறகு வர்ற அட்சரேகை, தீர்க்கரேகை. மலையடிவாரத்துல நிக்கறவனுக்கு அதை வச்சு என்ன புரியும்?

2024 அக்டோபர்ல தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 பாதைகளைத் திறந்தது. வழிகாட்டி, ஆன்லைன் பதிவு எல்லாம் உண்டு. பாராட்டறேன். 2025-ல பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீ காலம்னு மூடினாங்க. அதுவும் சரிதான். ஆனா ஏப்ரல் 16 பொறந்துடுச்சுன்னு காய்ஞ்ச புல்லுக்கு யாரு சொல்றது? சென்ட்ரல் ஸ்டேஷன், கொட்டக்குடி மக்கள் மலையேற ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டா நடக்கறாங்க? அவங்களுக்கு எந்த மாசம் விடுமுறை?

நான் கேக்கறது ஒண்ணுதான். தீ காலத்துல தினமும், பாதைவாரியா, தமிழ்ல, அபாய அளவு ஒண்ணா அஞ்சான்னு சொல்லுங்க. போடி பஸ் ஸ்டாண்டுல ஒரு பலகை, குரங்கணியில ஒரு பலகை. இதுக்கு ராக்கெட் விட வேண்டியதில்லை.

கடைசியா நம்மாளுங்களுக்கு. "ரெண்டே நாள்ல மலை தாண்டிட்டோம்"னு நாப்பது படம் போடறீங்க. தண்ணி எங்க, புல் சரிவு எங்க, தீ வந்தா எந்தப் பக்கம் இறங்கணும், எந்த இடத்துல திரும்பியே ஆகணும், இந்த நாலையும் எழுதுங்க. எழுத முடியலைன்னா படத்தை மட்டும் போட்டுட்டு, "நீங்களும் போங்க"ங்கற வரியையாவது தூக்கிடுங்க.