எஞ்சின் ஃப்ளஷ்: ஒரு சொல்லை நம்பி ஊற்றப்படும் கரைப்பான்

கார் எஞ்சினுக்குள் படிந்த கசட்டை நீக்குவதாகச் சொல்லி விற்கப்படும் கரைப்பான் புட்டிகளைப் பற்றி இங்கே எழுதக் காரணம் உண்டு. நம்மில் பலர் இப்போது பத்து ஆண்டு ஓடிய பழைய கார்களை வாங்குகிறோம். மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகையில் வாழ்பவருக்கு எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு பல மாத வாழ்க்கைச் செலவு. அந்த அச்சத்தின் மேல்தான் இந்தப் புட்டி விற்பனையாகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கசடு இல்லாத எஞ்சினுக்கு ஃப்ளஷ் வீண், கசடு மிகுந்த எஞ்சினுக்கு அது ஆபத்து. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

முதலில் கசடு என்பது என்ன? எரியறையிலிருந்து பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயுக்கள், எரியாத எரிபொருள், நீராவி, கரித்துகள் ஆகியவை எண்ணெயில் கலக்கின்றன. வெப்பத்தில் எண்ணெயும் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. இவை எல்லாம் சேர்ந்து கூழாகவும், முற்றினால் தார்க்கட்டியாகவும் டேப்பெட் கவரின் உட்புறத்திலும் ஆயில் சம்பின் அடியிலும் படிகின்றன. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் எண்ணெய் முழுச்சூட்டை எட்டுவதில்லை. ஆகவே நீர் ஆவியாகி வெளியேறுவதில்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் விரைவாகக் கெடும்.

இதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் நல்ல எஞ்சின் ஆயிலுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இங்கேதான் மொழி நம்மை ஏமாற்றுகிறது. ‘டிடர்ஜென்ட்’ என்றதும் துணி வெளுக்கும் தூள் நினைவுக்கு வருகிறது. எண்ணெயில் அப்பெயர் பெற்ற கால்சியம், மெக்னீசியம் சேர்மங்களின் பெரும்பணி அமிலத்தை நடுநிலையாக்குவதும் சூடான உலோகப் பரப்பில் படிவு ஒட்டாமல் காப்பதும் ஆகும். உடனிருக்கும் ‘டிஸ்பெர்சன்ட்’ கரித்துகள்களைச் சூழ்ந்துகொண்டு, அவை ஒன்றோடொன்று திரளாமல் மிதக்க வைக்கிறது. மிதக்கும் துகள் அடுத்த ஆயில் மாற்றத்தில் எண்ணெயோடு வெளியேறும். ஆக, எண்ணெய் கறுப்பது பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில நாள்களிலேயே கறுத்துவிடும்; அதற்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

சர்வீஸ் நிலையங்களின் செயல்விளக்கமோ இந்தக் கறுப்பையே சான்றாகக் காட்டுகிறது. புட்டியை ஊற்றி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வடித்த எண்ணெயைக் காட்டி, “பாருங்கள், எவ்வளவு அழுக்கு!” என்கிறார்கள். புட்டியை ஊற்றாமல் வடித்திருந்தாலும் எண்ணெய் அதே கறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையை நம் துறைக் கருத்தரங்கு எதிலும் ஏற்கமாட்டோம்; வண்டி என்று வந்ததும் ஏற்றுக்கொள்கிறோம்.

சரி, அந்தப் புட்டி உண்மையில் என்ன செய்கிறது? பெரும்பாலானவை மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த இலேசான பெட்ரோலிய வடிநீர்மங்கள்; சிலவற்றில் கூடுதல் டிடர்ஜென்டும் உண்டு. சிறிய காரின் மூன்று, மூன்றரை லிட்டர் எண்ணெயில் சுமார் 300 மி.லி. கலந்தால், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கரைப்பான். எண்ணெய் நீர்த்து, பேரிங்குகளுக்கும் தண்டுக்கும் இடையே நிற்க வேண்டிய படலம் மெலிகிறது. இதை விற்பவர்களும் அறிவார்கள். அதனால்தான் பல புட்டிகளின் மேல் ‘ஐட்லிங்கில் மட்டும் ஓடவிடுங்கள், வண்டியை ஓட்டாதீர்கள்’ என்று எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. வடித்த பிறகும் பழைய எண்ணெய் முழுவதும் வெளியேறுவதில்லை. மூலைமுடுக்குகளில் தங்குவதோடு சிறிது கரைப்பானும் தங்கிப் புதிய எண்ணெயில் கலக்கிறது.

அதைவிடப் பெரிய இடர் வேறு. பல ஆண்டுகளாக இறுகிய கசடு பத்து நிமிடத்தில் என்ன ஆகும்? இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். ஒன்று, அது கரையாமல் அப்படியே இருக்கும். அப்போது கொடுத்த பணம் வீண். அல்லது, கரைவதற்குள் துண்டுகளாகப் பெயரும். பெயர்ந்த துண்டு சம்பின் அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலையை, மெக்கானிக்குகள் சொல்லும் ‘ஸ்ட்ரெய்னரை’, அடைத்துக்கொண்டால் ஆயில் பம்புக்கு எண்ணெய் எட்டாது. அழுத்தம் விழும்; டர்போவும் பேரிங்கும் வறண்டு தேயும். ஆயில் ஃபில்டர் அடைபட்டால் அதன் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயை உள்ளே விடும். அதுவரை ஓரமாகப் படிந்து கிடந்த கசட்டைக் கிளப்பி, எஞ்சினின் மிக நுண்ணிய வழிகளுக்கு நாமே அனுப்பிவைத்தவர்கள் ஆவோம்.

எதிர்த்தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக் பலர் மண்ணெண்ணெயோ ஃப்ளஷோ ஊற்றித் தீங்கு எதையும் கண்டதில்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மெல்லிய படிவு மட்டுமே உள்ள எஞ்சின் பத்து நிமிடக் கரைப்பானைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ‘தீங்கு நேரவில்லை’ என்பதிலிருந்து ‘நன்மை விளைந்தது’ என்ற முடிவுக்கு வர முடியாது. கெட்டுப்போன எஞ்சினும் அன்றே, அதே பட்டறையிலேயே கெடுவதில்லை. சில நூறு கிலோமீட்டர் கடந்து வேறொரு பட்டறைக்குப் போகிறது. அனுபவக் கணக்கில் அது ஏறுவதே இல்லை.

கசடு பெருமளவில் தலைகாட்டிய வரலாற்று நிகழ்வு ஒன்று இங்கே பொருந்தும். 2002இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரையிலான மாடல்களின் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதியது. ஏறத்தாழ 33 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. தொடக்கத்தில் உரிமையாளர்களின் பராமரிப்புக் குறைதான் காரணம் என்ற நிறுவனம், பிறகு எட்டு ஆண்டு வரை பழுதுச் செலவை ஏற்க முன்வந்தது. மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது அதன் பெயர்சூட்டலை: பரவலாக வழங்கிய ‘ஸ்லட்ஜ்’ என்ற சொல்லை விட்டு ‘ஆயில் ஜெல்’ என்றது. சேறு என்றால் ‘சேற்றை யார் விட்டது?’ என்று கேட்கத் தோன்றும். ஜெல் தானாக உறைவது போல ஒலிக்கிறது. உரிமையாளர்கள் கேட்டுப் பெற்றது பழுது நீக்கும் பொறுப்பை. கரைப்பான் புட்டியால் தீரும் சிக்கலாக இருந்திருந்தால் விவகாரம் அவ்வளவு தூரம் போயிருக்காது.

பெயர்சூட்டல் நம் கையேடுகளிலும் உண்டு. பல நிறுவனங்கள் ஓராண்டு அல்லது 10,000 கி.மீ., இவற்றில் எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. அது ‘சாதாரண’ பயன்பாட்டுக்கான கணக்கு. சில பக்கங்கள் தள்ளி ‘கடுமையான’ பயன்பாட்டுக்கு வேறு அட்டவணை இருக்கும்; அதில் இடைவெளி பெரும்பாலும் பாதியாகக் குறையும். எது கடுமை? அடிக்கடி குறுந்தூரம் ஓட்டுதல், நெரிசலில் நின்று நின்று நகர்தல், புழுதிச் சாலை. தில்லியிலோ பெங்களூரிலோ வளாகத்துக்கும் வீட்டுக்குமாக நான்கு கிலோமீட்டர் ஓடும் காருக்கு இவை மூன்றும் அன்றாடம். கையேட்டின் கடுமையே நம் சாதாரணம். இந்த இரு சொற்களுக்கும் இடைப்பட்ட ஐயாயிரம் கிலோமீட்டரில்தான் கசடு பிறக்கிறது என்பேன்.

சென்ற குளிர்காலத்தில் நண்பர் ஒருவரின் காருக்காக ஒரு சர்வீஸ் நிலையத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். பில்லில் ஃப்ளஷுக்குத் தனி வரி இருந்தது. கேட்டபோது, அது ‘ரெகமண்டட்’ என்றார் அட்வைசர். செயப்பாட்டு வினையின் வசதி அதுதான்: பரிந்துரைக்கப்பட்டது, பரிந்துரைத்தவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. “கையேட்டில் எந்தப் பக்கத்தில்?” என்று கேட்டதும் அந்த வரி நீக்கப்பட்டது. ஹோண்டா போன்ற நிறுவனங்களின் கையேடுகள் எண்ணெயில் தனியாக எதையும் சேர்க்க வேண்டாம் என்றே சொல்கின்றன.

அப்படியானால் பழைய கார் வாங்கியவர் என்ன செய்வது? எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர்பழுப்பு நிறத்தில் பளபளப்பு மட்டும் இருந்தால் ஒன்றும் வேண்டியதில்லை. கறுத்த கூழ் தெரிந்தால் டேப்பெட் கவரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டியாகப் படிந்திருந்தால் சம்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கையால் துலக்குவதே பாதுகாப்பு. அதற்குக் கூலி உண்டு, ஆனால் எஞ்சின் வேலையைவிட மிகக் குறைவு. படிவு மிதமானதாக இருந்தால் கையேடு கேட்கும் தரத்திலுள்ள நல்ல எண்ணெயை ஊற்றி, இரண்டு மூன்று முறை 2,000, 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றுங்கள். எண்ணெயில் உள்ள டிஸ்பெர்சன்ட் கசட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து வெளியேற்றும். பி.சி.வி. வால்வைச் சோதியுங்கள். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள்.

இவற்றில் எதுவும் பத்து நிமிடத்தில் முடியாது. எவரேனும் பத்து நிமிடத் தீர்வை நீட்டினால், ஊற்றும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கசடு இருப்பதை எப்படிக் கண்டீர்கள்? பெயர்ந்து வருவது எந்த வழியாக வெளியே போகும்? இரண்டுக்கும் விடை இல்லாதவரிடம் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.