காது குத்தும் கம்பி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், குழந்தைக்குக் காது குத்தும் சுபதினத்திற்கு நாளும் நட்சத்திரமும் பார்ப்பதிலே காட்டும் சிரத்தையை, அந்தப் பச்சைப் புண்ணில் முதன்முதலாகப் புகும் கம்பி எந்த உலோகத்தாலானது என்று விசாரிப்பதிலும் பெற்றோர் காட்டவேண்டுமென்பதே என் விண்ணப்பம். பவுண் விலை ஏறிய இக்காலத்தில் முலாம் பூசிய தோடுகளை நாடுவோரை நான் குறைசொல்லேன். ஆயினும், அம்முலாத்தின் கீழே பல வேளைகளில் நிக்கல் கலந்த உலோகமே இருக்க, வாவிக்கரைப் புழுக்கத்தில் ஓயாது சுரக்கும் வியர்வையின் உப்பு அதனைக் கரைத்துச் சருமத்தினுள் சேர்க்க, முதலில் அரிப்பும், பின்னர் சிவந்து நீர்கசியும் மடலும், சிலருக்கு ஆயுள் முழுதும் நீங்காத ஒவ்வாமையும் உண்டாகின்றன. இந்த அபாயத்தை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டில் காதணிகளின் நிக்கலுக்குச் சட்டவரம்பு விதித்தது.

நூற்றுக்கு ஏறத்தாழ 91.6 பங்கு பொன்னும், எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியுமான 22 கரட் தங்கமே, நம் பாட்டிமார் வழக்கப்படி, இன்றும் உத்தமமானது. அதற்கு வசதியில்லாதோர் மருத்துவத் தரமுள்ள டைட்டேனியத்தை நாடலாம். வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் சேர்ப்பதுண்டு, எச்சரிக்கை அவசியம். மடற்புண் ஆற ஏறக்குறைய ஆறு வாரமாகும். குருத்தெலும்பிலே குத்தினால் பல மாதங்கள். நகைக்கடையில் விலையைக் கேட்குமுன், நிக்கல் உண்டோ என்று கேளுங்கள்.