ஆயக்காரன் ஜெபமும் நமது தராசும்

வாளையாறு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் போய் வந்து பழகிய நமக்குச் சோதனைச் சாவடி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றதையும், டிரைவர்கள் கையில் சீட்டோடு காத்துக் கிடந்ததையும் கண்ணால் கண்டவர்கள் நாம். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு, சேவை வரி அமலுக்கு வந்தபின் வணிக வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆனாலும், எல்லையில் நின்று வரி தண்டுகிறவனைப் பற்றி ஊரார் என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஆகவே, லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் சொன்ன கதை மற்றவர்களைவிட நமக்குச் சட்டென்று விளங்க வேண்டும். ஜெபம் பண்ண ஆலயத்துக்கு இருவர் போனார்கள். ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன், அதாவது வரி தண்டுகிறவன். பரிசேயன் தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் எடுத்துச் சொல்லி, தான் அந்த ஆயக்காரனைப் போல் இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னான். ஆயக்காரனோ தூரத்தில் நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, தன்னைப் பாவி என்று ஒத்துக்கொண்டான். நீதிமானாக வீடு திரும்பியவன் இந்த இரண்டாமவனே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசேயன் சொன்ன கணக்கில் பொய் இருந்ததாகக் கதை சொல்லவில்லை. உபவாசம் இருந்தான்; தசமபாகம் கொடுத்தான். பிறகு அவன் தவறியது எங்கே? பக்கத்தில் நின்றவனை அளவுகோலாக வைத்துத் தன்னை அளந்தான். அந்தக் கோலில் அளந்தால் நாம் எல்லோருமே உயரமானவர்கள்தான்!

நம் சபைகளில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். ஆலயத்துக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதுகிறோம். அசன விருந்தில் முதல் பந்தி கிடைக்காவிட்டால் மனம் சுருங்குகிறது. சாட்சி சொல்ல எழுந்தால், பத்து வருஷத்துக்கு முன் விட்ட பாவத்தைத் தைரியமாகச் சொல்கிறோம். நேற்றுச் செய்ததை மட்டும் சொல்வதில்லை.

மூணாறு சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்கு 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்களுக்கென்று கட்டிய ஆலயம் அது. இன்று அங்கே தமிழில் ஆராதனை நடக்கிறது. துரைமார்களின் பெயர் தாங்கிய பித்தளைத் தகடுகள் சுவரில் இருக்கின்றன. காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட நம் முன்னோருக்கு அப்படித் தகடு யார் அடித்தார்கள்? அதனால் கடவுளின் ஏட்டில் அவர்கள் பெயர் விடுபட்டுப் போகுமா? இதை நம்புகிறவனுக்குத் தன் பெயரைச் சுவரில் தேட வேண்டிய அவசியம் இல்லை.

பணிவு ஒரு பக்கம் என்றால் நேர்மை மறுபக்கம். மீனாட்சிபுரத்தில் எல்லை கடந்து வரும் பாலைச் சோதிக்க அரசு தனிச் சாவடி வைத்திருக்கிறது. பாலைச் சோதிக்கச் சாவடி உண்டு. பால் ஊற்றுகிறவன் மனத்தைச் சோதிக்கச் சாவடி ஏது? ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிறவனும், கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கூடுதலாகக் கழிக்கிறவனும் ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்கலாம். அந்த ஜெபம் ஓட்டைத் தராசில் நிறுத்த சரக்குக்குச் சமம்.

எரிகோ நகரத்துச் சகேயுவும் ஆயக்காரன்தான், ஆயக்காரருக்குத் தலைவன். இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் அவன் அழுது காட்டவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னான். மனந்திரும்புதல் என்பது வாயிலிருந்து பைக்கு இறங்கும்போதுதான் உண்மையாகிறது.

இதை எழுதுகிற எனக்கும் ஒரு கணக்கு பாக்கி. இளமையில் எல்லையோர ஊர் ஒன்றில் மளிகைக் கடையில் கணக்கெழுதினேன். தோட்டத் தொழிலாளி அம்மாள் ஒருவரின் பற்று நோட்டில் பதினெட்டு ரூபாய் கூடுதலாக ஏறிவிட்டது. தவறு என்னுடையது. முதலாளிக்குப் பயந்து மறைத்தேன். எழுத்தறியாத அந்த அம்மாள் முழுப் பணத்தையும் கட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எனக்கு முன்வரிசையில் அமர்ந்து காணிக்கையும் போட்டார். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த சம்பளத்தில் கொடுக்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் அவர் குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். பிறகு எத்தனையோ ஆயிரம் காணிக்கை போட்டிருக்கிறேன். அந்தப் பதினெட்டு ரூபாய் தீரவில்லை.

பணிவு என்றதும், "ஏழைகளை இன்னும் குனியச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளப் பெண்கள், 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட போனஸை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துப் போராடி, போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள். அது அகந்தையல்ல; உரிய கூலியைக் கேட்பதும் உண்மை பேசுவதில் சேர்ந்ததே. கடவுளுக்கு முன் குனிகிறவன் மனிதனுக்கு முன் கூனிக் குறுக வேண்டியதில்லை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மேலதிகாரியிடம் கைகட்டி நிற்கிறோம். ஆண்டவனிடம் பெருமை பேசுகிறோம்.

"நேர்மையாக இருந்தால் எல்லையில் பிழைக்க முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. கஷ்டம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கஷ்டத்தை ஒத்துக்கொள்வது வேறு. தவறை நியாயப்படுத்துவது வேறு. தான் செய்ததற்கு ஆயக்காரன் காரணம் கற்பிக்கவில்லை. அவனுடைய பெருமை அதுவே.

பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார் இயேசு. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் புறப்படுமுன், கடன் நோட்டையும் தராசையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவோம். யாரிடமாவது போக வேண்டியிருந்தால் அன்றைக்கே போய்விடுவோம். ஆள் ஊரைவிட்டுப் போனபின் தேடினால் கிடைப்பதில்லை.