துயரில் விளைந்த அறம்

கும்பகோணத்துக் காவிரிப் படித்துறைகளில் நீத்தார் கடன் ஆற்றுவோரைக் காணலாம். எள்ளும் நீரும் இறைத்தபின், இயன்றவர் இறந்தார் பெயரால் ஏழையர்க்கு அன்னமும் அளிப்பர். இவ்வழக்கம் போற்றத்தக்கதே. எனினும், தம்மவரைக் கவர்ந்த நோய் பிறரையும் கவராவண்ணம் தடுக்க முயல்வதும் நீத்தார் கடனே அன்றோ?

அக்கடனைச் செவ்வனே ஆற்றியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த இவர், பெண் கல்வி அரிதாயிருந்த அந்நாளில் மருத்துவம் பயின்றார். இவருடைய தங்கையார் மலக்குடற் புற்றுநோயால் மாண்டார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லை. அத்துயரம் கண்ணீராய் வற்றிவிடாமல் உறுதியாய் விளைந்தது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென வற்புறுத்தினார். பின்னர் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பெற்றது. சிறிதாய்த் தொடங்கிய அவ்வறம் இன்று ஆலமரமாய்த் தழைத்து நிற்கின்றது.

பொருள் ஈதல் மட்டும் போதுமா? போதாது, அறிவும் பரவுதல் வேண்டும். பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளையாகத் தொடங்கிப் பல ஆண்டுகளில் முற்றுவது. முளையிலேயே கண்டு அகற்றின் அது நோயாக மாறுவதில்லை. மலத்தில் குருதி தோன்றல், மலங்கழிக்கும் வழக்கம் பல வாரம் மாறியிருத்தல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியன அதன் குறிகளாகலாம். இவை பிற நோயாலும் வரக்கூடும். ஆகவே அஞ்சுதல் வேண்டா, ஆராய்தல் வேண்டும். ஆனால் நம்மவருள் பலர் இதனை மூலம் என்று தாமே முடிவு செய்துகொள்கின்றனர். சிலர் வெளியிற் சொல்ல நாணுகின்றனர். நெற்பயிரில் பூச்சி கண்டால் அன்றே விரையும் உழவர், தம் உடலிற் கண்ட குறியைத் திங்கள் பலவாக மறைப்பது அறிவுடைமை ஆகுமா?

நாணத்தக்கது தீய செயலே, நோயன்று. மாணவர்கள் இதனைத் தம் இல்லத்து முதியோரிடம் பணிவுடன் எடுத்துரைத்தல் வேண்டும். காசு ஈய இயலாத சிறுவரும் ஈயக்கூடிய கொடை இது. உரிய காலத்திற் சொன்ன ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கலாம்.