ஓக் தீவும் ஏழாவது உயிரும்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், மகோன் விரிகுடாவில் உள்ளது ஓக் தீவு. 1795இல் இளைஞர் சிலர் அங்கொரு பள்ளத்தைக் கண்டனராம்; அன்று தொட்டுத் தோண்டுகின்றனர், புதையல் கிட்டியபாடில்லை. ஏழு உயிர் பலியான பின்னரே அது வெளிப்படும் என்றொரு கதை வேறு! மாண்டோர் இதுவரை அறுவர். ஆவிகளைத் தேடும் ஆர்வலரை அத்தீவுக்கு ஈர்ப்பதும் இத்தகைய கதைகளே. ஆராயும் வேட்கையை நாம் இகழோம். ஆயின், எதனை ஆராய்வது?

1965 ஆகஸ்ட் 17 அன்று குழிக்குள் தந்தை மயங்கி வீழ்ந்தார். அவரைக் காக்க இறங்கிய மகனும், இருவரையும் மீட்க இறங்கிய வேறிருவரும் மீளவில்லை. நால்வரையும் கொன்றது நச்சுவளி. 1861இல் நேர்ந்த முதற்சாவுக்கோ, நீரிறைக்கும் இயந்திரத்தின் கொதிகலன் வெடித்தமையே காரணம். இவற்றுள் பேய்க்கு என்ன வேலை? குழியில் ஓயாது நீர் பெருகுவதையும், பாறைப் பிளவுகளின் வழியே கடல் புகுவதாக நிலவியலார் விளக்குவர்.

தந்தைக்காக இறங்கிய அம்மகனைச் சாபக் கணக்கில் ஓர் எண்ணாக எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆவியின் குரலைப் பதிவுசெய்யக் கருவி சுமந்து செல்வோர், பழங்குழியை நெருங்குமுன் நச்சுவளியை அறியும் கருவியையும் உடன்கொண்டு செல்வாராக.