அடுத்து எந்த மால்?

2024 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு மேற்கே உள்ள செஸ்டர்ஃபீல்டு என்ற புறநகரில், 1976 முதல் இயங்கிவந்த மால் மூடப்பட்டது. சில வாரங்களில் இடிப்பு வேலையும் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் மால் ஒன்று மூடப்படுவது இப்போது பெரிய செய்தியே இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பத்தி, நாலைந்து பழைய படங்கள், அவ்வளவுதான். காரணம் கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: அமேசான்.

இந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் புள்ளிவிவரப்படி, 2024-இல் அந்நாட்டின் சில்லறை விற்பனையில் இணைய வர்த்தகத்தின் பங்கு சுமார் 16 சதவீதம். சிறிய பங்கு என்று சொல்ல முடியாது. ஆனால், இணையம் வருவதற்கு முன்பே மால்கள் சாகத் தொடங்கிவிட்டன. சிகாகோவுக்குத் தெற்கே ஹார்வி என்ற ஊரில் 1966-இல் திறந்த டிக்ஸி ஸ்கொயர் மால், பன்னிரண்டே ஆண்டுகளில், 1978-இல் மூடிவிட்டது. ‘தி புளூஸ் பிரதர்ஸ்’ படத்தில் கார்கள் மாலுக்குள் புகுந்து கடைகளை நொறுக்கிக்கொண்டு ஓடுமே, அந்தக் காட்சியை எடுத்தது இந்தக் காலிக் கட்டடத்தில்தான். பின்னாளில் அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் அப்போது பள்ளி மாணவர்.

மால்களைக் கொன்றவை பெரும்பாலும் மற்ற மால்கள்தான். அந்த மற்ற மால்களைக் கட்டத் தூண்டியது அரசாங்கத்தின் வரிக் கொள்கை. இது என் கட்சி.

முழுக்கக் கூரையிட்டுக் குளிரூட்டிய முதல் புறநகர் மால், மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊரில் 1956 அக்டோபரில் திறந்த சவுத்டேல். அதை வடிவமைத்தவர் விக்டர் குரூன். வியன்னாவில் பிறந்த யூதர்; நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் அமெரிக்கா வந்தவர். வியன்னாவின் கடைத்தெருவைப் போல மக்கள் நடக்கவும் உட்காரவும் பேசவும் ஓர் இடம், அதைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவமனை என்று திட்டம் போட்டார். முதலீட்டாளர்களுக்குக் கடைகளே போதுமானவையாக இருந்தன. மீதி நிலம் கார் நிறுத்துமிடமானது. கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிவிட்ட குரூன், 1978-இல் இந்த மால்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டார். பாவம், அதற்குள் வியன்னாவின் எல்லையிலேயே பெரிய மால் ஒன்று வந்துவிட்டிருந்தது.

குரூன் பிறக்காமலே போயிருந்தாலும் மால்கள் முளைத்திருக்கும். 1954-இல் திருத்திய அமெரிக்க வருமான வரிச் சட்டம், புதிய வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தில் பெரும்பகுதியை முதல் சில ஆண்டுகளிலேயே கழித்துக்கொள்ள இடம் கொடுத்தது. கையில் வாடகை வந்துகொண்டே இருக்கும். காகிதத்தில் நட்டம் காட்டி வரியைத் தவிர்க்கலாம். கழிவு தீர்ந்ததும் கட்டடத்தை விற்றுவிட்டு அடுத்ததைக் கட்டலாம். வரலாற்றாய்வாளர் தாமஸ் ஹான்செட் 1996-இல் இதை விரிவாக எழுதினார். பழையதைச் செப்பனிடுவதற்குச் சலுகை கிடையாது, புதிதாகக் கட்டுவதற்கு உண்டு என்றால் எந்த முதலாளி பழையதைப் பார்ப்பார்? 1956-இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் நகருக்கு வெளியே இருந்த சோளக்காடுகளுக்கெல்லாம் வழி போட்டுக் கொடுத்தது.

இதன் முழு விளைவைப் பார்க்க செயின்ட் லூயிஸைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நகரத்தைச் சுற்றியிருக்கும் செயின்ட் லூயிஸ் கவுன்டியின் மக்கள்தொகை 1990-இல் 9.93 லட்சம், 2020-இல் 10.04 லட்சம். முப்பது ஆண்டுகளில் கூடியது பத்தாயிரத்துச் சொச்சம் பேர். அந்த ஒரு கவுன்டிக்குள் ஏறத்தாழ 90 நகராட்சிகள் இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசௌரி மாநிலத்தில் விற்பனை வரி நகராட்சிகளின் முக்கிய வருமானங்களில் ஒன்று. பல ஊர்களில், பொருள் எந்த எல்லைக்குள் விற்கிறதோ அந்த ஊருக்கே அதன் வரிப் பங்கு போகும். ஆகவே பக்கத்து ஊர்க் கடையைத் தன் எல்லைக்குள் இழுத்துவந்தால் மேயருக்கு வெற்றி; மொத்தத்தில் யாரும் ஒரு சட்டைகூடக் கூடுதலாக வாங்கியிருக்க மாட்டார்கள்.

இழுப்பதற்கு ஒரு கருவியும் இருக்கிறது. ‘டிஃப்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓர் இடத்தில் கட்டடம் எழுந்தபின் கூடும் சொத்து வரியும், விற்பனை வரியில் பாதியும், 23 ஆண்டுகள் வரை அந்தக் கட்டுமானச் செலவுக்கே திருப்பி விடப்படும். பாழடைந்த பகுதிகளை மீட்பதற்காக வந்த ஏற்பாடு இது. நடைமுறையில் செல்வச் செழிப்பான புறநகர்களும் தங்கள் நிலத்தைப் ‘பாழ்’ என்று அறிவித்துக்கொண்டன. அந்த வட்டாரத்தின் திட்டமிடல் அமைப்பான ஈஸ்ட்-வெஸ்ட் கேட்வே 2011-இல் கணக்குப் பார்த்தபோது, இருபது ஆண்டுகளில் டிஃப் வழியாகவும் மற்ற வரிச் சலுகைகள் வழியாகவும் திருப்பிவிட்ட வரிப்பணம் 580 கோடி டாலருக்கு மேல்.

செஸ்டர்ஃபீல்டின் கதையே போதும். அந்த ஊரின் தாழ்நிலம் மிசௌரி ஆற்றை ஒட்டியது. 1993 பெருவெள்ளத்தில் கரை உடைந்து அந்தச் சமவெளி முழுவதும் மூழ்கியது. நகராட்சி வரிப்பணத்தைத் திருப்பிவிட்டு, கரையை உயர்த்தி, வயல் கிடந்த இடத்தைக் கடைவீதியாக்கியது. ஒரு மைலுக்கு மேல் நீளும் கடை வரிசை வந்தது. 2013 ஆகஸ்டில், சில வார இடைவெளியில், அதே சமவெளியில் இரண்டு தள்ளுபடி மால்கள் திறந்தன. ஒன்று டாப்மன் நிறுவனத்துடையது, மற்றது சைமன் நிறுவனத்துடையது. மேட்டில் இருந்த பழைய செஸ்டர்ஃபீல்டு மாலிலிருந்து அவை சில மைல் தூரம். 2016-இல் பழைய மாலின் டில்லார்ட்ஸ் கடையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. கடை திரும்பத் திறக்கவேயில்லை. 2017-இல் மால் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. 2018-இல் சியர்ஸ் கடையும் கிளம்பியது. பின்னர் டாப்மனின் புதிய மாலும் சைமனிடம் தோற்று, கை மாறி, இசையரங்கும் கேளிக்கையுமாக உருமாறிவிட்டது.

இப்போது, பழைய மாலை இடித்த இடத்தில் வீடுகளும் அலுவலகங்களும் கடைகளுமாக ஒரு ‘டவுன்டவுன்’ கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். குரூன் போட்ட பழைய திட்டம்தான், எழுபது ஆண்டு தாமதமாக! அதற்கு 2022-இல் நகர்மன்றம் சம்மதித்த டிஃப் தொகை சுமார் 35 கோடி டாலர் வரை. முதலில் மாலுக்குப் போட்டியை வளர்க்க வரிப்பணம். பிறகு அந்தப் போட்டியில் செத்த மாலை அப்புறப்படுத்த வரிப்பணம். கொடுத்தது ஒரே நகராட்சி. அமெரிக்காவில் சொத்து வரியில் கணிசமான பங்கு பள்ளிக்கூடங்களுக்கானது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

செஸ்டர்ஃபீல்டு பணக்கார ஊர், தாங்கிக்கொள்ளும். கவுன்டியின் வடபகுதி தாங்கவில்லை. வெள்ளையர்கள் மேற்கே நகர நகர, கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் வட்டாரமாக அது மாறியது. ரிவர் ரோட்ஸ் மால் 1995-இல், நார்த்வெஸ்ட் பிளாசா 2010-இல், ஜேம்ஸ்டவுன் மால் 2014-இல் மூடின. முதலீட்டாளர்கள் எந்த வட்டாரத்தை முதலில் கைவிட்டார்கள் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நார்த்வெஸ்ட் பிளாசா இருந்த செயின்ட் ஆன் என்ற சிற்றூருக்கு அந்த மாலின் விற்பனை வரிதான் பெரிய வருமானம். அது வற்றியபோது, ஊர் நிர்வாகம் போக்குவரத்து அபராதங்களை நாடியது. மால் போனால் மூடிய கடை மட்டும்தானா நட்டம்? சாலையில் கார் ஓட்டிப் போகும் ஏழைத் தொழிலாளியிடமும் அது வசூலாகிறது.

ஒரு மால் எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்தது எது என்று ஊகிக்கலாம். மாலின் முனைகளில் இருக்கும் பெரிய டிபார்ட்மென்ட் கடைகளை ‘ஆங்கர்’ என்பார்கள். கூட்டத்தை இழுத்துவருவது அவர்கள் வேலை. அதனால் பலர் பெயரளவுக்கே வாடகை கொடுப்பார்கள், அல்லது கட்டடமே அவர்களுடைய சொந்தமாக இருக்கும். உண்மையான வாடகை வருவது நடுவில் இருக்கும் செருப்புக்கடை, நகைக்கடை, துணிக்கடைகளிடமிருந்து. அந்தச் சின்னக் கடைக்காரர்களின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கும்: இத்தனை ஆங்கர்கள் போய்விட்டால் வாடகை குறைய வேண்டும், அல்லது நாங்கள் காலி செய்யலாம். ஓர் ஆங்கர் போனால் வாடகை நட்டம் சொற்பம்; ஆனால் இந்த விதி உயிர்பெற்றுவிடும். அங்கிருந்து சரிவு வேகமெடுக்கும். உரிமையாளர் கடனைக் கட்டாமல் சாவியைக் கடன்காரரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார். அடிமாட்டு விலைக்கு வாங்கும் அடுத்தவர், கிடைத்த வாடகையை வசூலித்துக்கொண்டு கூரையை ஒழுகவிடுவார்.

ஆகவே, பார்க்க வேண்டிய முதல் இடம் ஆங்கர்களின் கதி. சியர்ஸ் 2018-இல் திவாலானது. ஜே.சி. பென்னி 2020-இல் திவாலானபோது அதை வாங்கியவர்கள் யார் தெரியுமா? சைமனும் புரூக்ஃபீல்டும், அதாவது மால்களின் சொந்தக்காரர்களே. குடியிருப்பவர் ஓடிவிடக் கூடாதென்று வீட்டுக்காரர் அவரையே விலைக்கு வாங்கிய வேடிக்கை இது. மேசிஸின் தாய் நிறுவனம் 2005-இல் செயின்ட் லூயிஸின் மே நிறுவனத்தை விழுங்கியபோதே பல மால்களில் இரண்டு ஆங்கர் பெயர்கள் ஒன்றாகிவிட்டன. 2026-க்குள் 150 கடைகளை மூடுவதாக 2024 பிப்ரவரியில் மேசிஸ் அறிவித்தது. அப்படி மூடும் கடை இருக்கும் ஒவ்வொரு மாலும் சந்தேகத்துக்குரியதே.

இரண்டாவது, கடன் தவணை. மால் கடன்கள் பெரும்பாலும் பத்தாண்டுக் கெடு வைத்தவை. வட்டி மலிந்திருந்த 2010-களில் வாங்கியதை, 2022-க்குப் பிறகு ஏறிவிட்ட வட்டியில் புதுப்பிக்க வேண்டும். நடுத்தர மால்களுக்கு இது முடியாத காரியம்.

மூன்றாவதற்குப் புள்ளிவிவரம் வேண்டாம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோர் பலர், குளிர்காலத்தில் நடைப்பயிற்சிக்கு மாலுக்குத்தான் போகிறார்கள். எஸ்கலேட்டர் எத்தனை மாதமாக ஓடவில்லை, கூரைக்குக் கீழே வாளி வைத்திருக்கிறார்களா, செல்போன் உறை விற்கும் வண்டிகள் பெருகிவிட்டனவா என்று அவர்களைக் கேட்டால் வங்கி அதிகாரியைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

இந்தியாவிலும் காலி மால்கள் உண்டு. 64 மால்கள் ‘பேய் மால்’ நிலையில் கிடப்பதாக நைட் ஃபிராங்க் நிறுவனம் 2024-இல் சொன்னது. ஆனால், இங்கே நோய் வேறு. இங்கே கடைகளைத் தனித்தனியாகப் பலருக்கு விற்றுவிட்டு, எந்தத் தளத்தில் எந்தக் கடை வரலாம் என்று முடிவுசெய்ய ஆளே இல்லாமல் போனது ஒரு முக்கியக் காரணம். ஜிஎஸ்டியில் நகராட்சிக்கு நேரடிப் பங்கு இல்லாததால் சென்னைப் புறநகர்களான தாம்பரமும் ஆவடியும் ஒரு மாலுக்காக மல்லுக்கட்டுவதில்லை.

என் கணிப்பு இது. உச்சத்தில் இருக்கும் மால்கள் பிழைக்கும். சைமன் போன்றவர்களின் நல்ல மால்களில் இன்றும் காலி இடம் குறைவு. அடுத்து விழுபவை, செயின்ட் லூயிஸ், கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க், டெட்ராய்ட் போன்று மக்கள்தொகை வளராத நகரங்களின் புறநகர்களில், 1970-களில் கட்டப்பட்டு, இருபது நிமிடக் கார்ப் பயணத்தில் தன்னைவிட வலுவான மால் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசிஸையும் பென்னியையும் மட்டுமே நம்பி நிற்பவை. அவற்றில் பெரும்பாலானவை இன்னும் பத்தாண்டு தாண்டாது.

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கப்போகும் உறவினர் உங்களுக்கு இருந்தால் ஒன்று சொல்லுங்கள். மால் எவ்வளவு பக்கம் என்று கேட்டால் போதாது. அந்த ஊர் நகராட்சி வருமானத்தில் விற்பனை வரி எத்தனை சதவீதம், அதில் ஒரே மாலிலிருந்து வருவது எவ்வளவு என்றும் கேட்கச் சொல்லுங்கள். நகராட்சி பட்ஜெட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.