தள்ளிட்டுப் போக அவன் என்ன தள்ளுவண்டியா?

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர். மத்தியானம் ரெண்டு நிமிஷம் மூச்சு விடலாம்னு போனை எடுத்தா, எங்க ராஜகீழ்ப்பாக்கம் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்புல ஒரு வீடியோ. மூணு சக்கர ரேஸ் வீல்சேர்ல ஒருத்தர் பறக்கறார். பின்னணியில சோகப் புல்லாங்குழல். கடைசில ஒரு வரி: "இவரே ஓடுகிறார், உனக்கு என்ன சாக்கு?" அதுக்குக் கீழ வரிசையா கைகூப்பற பொம்மை, கண்ணீர் பொம்மை. ரெண்டே நாள்ல நம்ம பதிவுலக நண்பர்கள் ரெண்டு பேர் அதையே வச்சு 'தன்னம்பிக்கை'ன்னு லேபிள் ஒட்டிப் பதிவும் போட்டாச்சு. பின்னூட்டத்துல சண்டை போட்டா கும்மியா முடிஞ்சிடும். அதனால தனிப்பதிவு. கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு விஷயம். குரூப்புலயும் சரி, பதிவுகள்லயும் சரி, வீடியோல இருக்கறவர் யாருன்னு ஒருத்தரும் சொல்லலை. அவர் பேர் மார்செல் ஹூக். சுவிட்சர்லாந்துக்காரர். பளபளன்னு வெள்ளி ஹெல்மெட் போட்டுக்கிட்டு வர்றதால 'வெள்ளித் தோட்டா'ன்னு பட்டப்பேரு. 2024 பாஸ்டன் மாரத்தான்ல ஒரு திருப்பத்துல வேகத்தைக் குறைக்காம போய் தடுப்புல மோதி விழுந்தார். எழுந்து மறுபடி தள்ளி, 1 மணி 15 நிமிடம் 33 விநாடில முடிச்சார். விழுந்தும் அந்தப் பாதையில சாதனை! 2023-ல சிகாகோவுல கெல்வின் கிப்டம் ரெண்டு கால்ல ஓடி உலக சாதனை வச்சது 2 மணி 35 விநாடி. ரெண்டும் அதே 42.195 கிலோமீட்டர்தான்.

இப்ப சொல்லுங்க, "இவரே ஓடுகிறார்"னு எழுதின புண்ணியவான் அந்த 'ஏ'காரத்தை எதுக்குப் போட்டார்? "பாவம், இவராலயே முடியுதுன்னா..."ங்கற அர்த்தம் முழுக்க அந்த ஒரு எழுத்துலதான் உட்கார்ந்திருக்கு. சராசரியா மணிக்கு முப்பத்து மூணரை கிலோமீட்டர் போற ஒரு ஆளைப் பார்த்து! எங்க வீட்டு வாசல்ல இருந்து செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியா வேளச்சேரி சுமார் 12, 13 கிலோமீட்டர். ஹூக் வேகத்துல 23 நிமிஷம். நான் காலைல எட்டே முக்காலுக்கு பைக்கைக் கிளப்பினா எத்தனை நிமிஷம்னு இந்தப் பக்கத்து மக்களைக் கேளுங்க, கண்ணீர் பொம்மை அங்கதான் போடணும். ஐஐடி மெட்ராஸ்ல பிறந்த 'நியோபோல்ட்'னு ஒரு சமாச்சாரம் இருக்கு, வீல்சேருக்கு முன்னாடி மாட்டிக்கற மோட்டார் வண்டி. அருமையான ஐட்டம். அதோட உச்ச வேகமே 25. மோட்டாரை விட வேகமா கையால தள்றவருக்கு நம்ம அனுதாபம் எதுக்கு?

இந்த ரேஸ் சேரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா அடிக்கற பாவத்துக்கு ஒரு பரிகாரம். ஆஸ்பத்திரில பார்க்கற நாற்காலிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. பின்னாடி ரெண்டு பெரிய சக்கரம், மேல்பக்கம் உள்ள சாய்ஞ்சு, அடிப்பக்கம் அகண்டு நிக்கும். முன்னாடி நீளமா ஒரு தண்டு, அதோட நுனியில ஒத்தைச் சக்கரம். மொத்த எடை பத்து கிலோ பக்கம்தான். கியர் இல்லை, செயின் இல்லை. சக்கரத்துல இருக்கற வளையத்தைப் பிடிச்சுத் தள்றதும் இல்லை, அந்த வேகத்துல பிடிக்க நேரம் கிடையாது. கெட்டியான கிளவுஸ் போட்ட கையால வளையத்தைக் குத்தணும். குத்து, விடு, குத்து, விடு, ஒண்ணேகால் மணி நேரம். சைக்கிள் ரேஸ் மாதிரியே முன்னாடி போறவர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு காத்துத் தடையைத் தப்பிக்கறது, ஏத்தத்துல கழட்டிவிடறது, இறக்கத்துல குனிஞ்சு தலையைப் புதைச்சுக்கறது, எல்லாத் தந்திரமும் உண்டு. விலை? சில லட்சம். அதுவும் அவங்கவங்க உடம்பு அளவு எடுத்துச் செய்யணும், ரெடிமேட் சட்டை கதை நடக்காது.

இதெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்ததும் இல்லை. 1975-ல பாப் ஹால்னு ஒருத்தர் பாஸ்டன் மாரத்தானுக்கு வந்து நானும் போட்டியிடறேன்னார். போலியோவால கால் போனவர். பந்தய இயக்குநர், மூணு மணி நேரத்துக்குள்ள முடிச்சா சான்றிதழ் தர்றேன்னார். 2 மணி 58 நிமிஷத்துல வந்து நின்னார். பிற்காலத்துல அவரே ரேஸ் சேர் செய்யற தொழில்ல இறங்கினார். ஜப்பான்ல யுடகா நாகாமுரான்னு ஒரு எலும்பு டாக்டர். பெப்பு-ஓயிட்டா மாரத்தான்ல வீல்சேரையும் சேர்த்துக்குங்கன்னு கேட்டிருக்கார், விதி இடம் கொடுக்காதுன்னுட்டாங்க. மனுஷன் 1981-ல ஓயிட்டாவுல வீல்சேருக்குன்னே ஒரு சர்வதேசப் பந்தயத்தைத் தொடங்க வச்சுட்டார். முதல்ல அரை மாரத்தான், 1983-ல இருந்து முழுசு. அதே ஓயிட்டாவுலதான் 2021-ல ஹூக் 1:17:47-ன்னு உலக சாதனை வச்சார். லண்டன் மாரத்தான் 2024-ல இருந்து வீல்சேர்ல ஜெயிக்கறவருக்கும் கால்ல ஓடி ஜெயிக்கறவருக்கும் ஒரே பரிசு, 55,000 டாலர்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். பாரிஸ் 2024 பாராலிம்பிக்ல இந்தியாவுக்கு 29 பதக்கம். தரம்பீரும் பிரணவ் சூர்மாவும் கிளப் எறியறதுல தங்கமும் வெள்ளியும். யோகேஷ் கதூனியா வட்டு எறிஞ்சு வெள்ளி. மூணு பேரும் உட்கார்ந்து எறிஞ்சு ஜெயிச்சவங்க. சரி, உட்கார்ந்து ஓடினதுல? இத்தனை வருஷ பாராலிம்பிக் வரலாறு முழுக்கத் தேடினாலும் வீல்சேர் ஓட்டத்துல இந்தியாவுக்கு ஒரு பதக்கம் கூடக் கிடையாது. ஓட ஆசைப்பட்டவங்க இல்லாமலா? பெங்களூர் மாலதி ஹொள்ளா 1988 சியோல் பாராலிம்பிக்குக்கே போனவங்க. 1995-ல அர்ஜுனா, 2001-ல பத்மஸ்ரீ. ஆள் இருந்தது, வழிதான் இல்லை.

ஏன்னு யோசிச்சா எனக்குத் தோணறது இதுதான். எறியற நாற்காலியைத் தரையோட இறுக்கிக் கட்டிடுவாங்க, அது நகரக் கூடாது. ஊர்ல ஒரு வெல்டிங் பட்டறையில கூட அடிச்சுக்கலாம், பள்ளிக்கூட மைதானம் போதும். எறியறவங்க உழைப்பைக் குறைச்சுச் சொல்லலை, அது அசுர உழைப்பு. ஆனா ஓட்டத்துக்கு நாற்காலி உருளணும். உருள லட்சக்கணக்குல பணம் வேணும், தினமும் பதினஞ்சு இருபது கிலோமீட்டர் குழியில்லாத ரோடு வேணும். நகராத நாற்காலியில பதக்கம், நகர்ற நாற்காலியில பூஜ்யம். 'ஊனமுற்றோர்'ங்கறதை எடுத்துட்டு 'மாற்றுத்திறனாளி'ன்னு அழகா பேர் வச்சோம். அதுல 'திறன்' இருக்கு. ஆனா திறனை அளக்கற ஸ்டாப்வாட்சை யாரும் வெளிய எடுக்கலை.

மும்பை மாரத்தானையே எடுத்துக்குங்க, நாட்டுலயே பெரிய பந்தயம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஓட்டம் உண்டு, சந்தோஷம். 2024-ல அதோட தூரம் ஒன்றரை கிலோமீட்டர் கூட இல்லை. மத்தவங்களுக்கு 42. அங்க வர்றவங்க எல்லாருக்கும் 42 வேணும்னு சொல்லலை, ஜாலியா வர்றவங்க வரட்டும். வேணும்கறவனுக்கு என்ன வழி?

எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு தம்பி இருக்கான், காலேஜ் ரெண்டாவது வருஷம். பைக் விபத்துல முதுகுத்தண்டு போச்சு. ஞாயித்துக்கிழமை காலைல கீழ பார்க்கிங்ல தூணைச் சுத்திச் சுத்தி சாதா வீல்சேர்லயே பயிற்சி பண்ணுவான். நூறு சுத்து ஏழு கிலோமீட்டர், அவனே டேப் வச்சு அளந்தது. அந்தச் சேரோட நாலாவது பேரிங் செட் இது. கேட்டுக்கு வெளிய போகலாம்னா பிளாட்பாரம் முடியற இடத்துல எல்லாம் அரை அடிப் பள்ளம். நகரத்துல நடக்கற ஒரு 10 கிலோமீட்டர் பந்தயத்துக்கு அவனுக்காக நான் மெயில் போட்டேன். பதில் மரியாதையாத்தான் வந்தது: "பாதுகாப்புக் காரணங்களால் இயலாது. ஒரு கிலோமீட்டர் மகிழ்ச்சி ஓட்டத்தில் கலந்துகொள்ளலாம், எங்கள் தன்னார்வலர்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள்." அவன்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு சிரிச்சான். "தள்ளிட்டுப் போக நான் என்ன தள்ளுவண்டியாண்ணா?"

குரூப்புல அந்த வீடியோவுக்குக் கைகூப்பினவங்கள்ல முக்காவாசிப் பேர் அவனோட ஒரே லிஃப்ட்ல தினமும் இறங்கறவங்க. லிஃப்ட் வாசல்ல பைக்கை நிறுத்தாதீங்கன்னு அவங்க அம்மா அதே குரூப்புல மூணு தடவை எழுதியிருக்காங்க. அதுக்கு ஒரு பொம்மையும் விழலை.

"நடக்கறவனுக்கே ரோடு இல்லை, இதுல வீல்சேர் மாரத்தானா"ன்னு கிளம்புவீங்கன்னு தெரியும். நியாயம்தான், தினமும் எனக்கும் அதே இடுப்புவலி. ஆனா 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, ரெண்டு நாள் என்ன நடந்தது? தீவுத்திடலைச் சுத்தி மூணரை கிலோமீட்டர் ரோட்டைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, தடுப்பு கட்டி, விளக்கு போட்டு ஃபார்முலா 4 கார் ஓட்டினோம். நானும் ஆர்வமாத்தான் பார்த்தேன், பொய் சொல்லலை. மூணரையைப் பன்னிரண்டால பெருக்குங்க. 42. கொசுறு இருநூறு மீட்டரை நேப்பியர் பாலத்துல சேர்த்துக்கலாம். அதுவும் வேண்டாமா? இருங்காட்டுக்கோட்டையில 1990-லேர்ந்து மோட்டார் ரேஸ் டிராக் இருக்கு. வளைவு நெளிவோட, குழியில்லாம, நடுவுல மாடு வராம. பத்து பேருக்கு ரேஸ் சேரும், ஒரு ஞாயித்துக்கிழமை காலையும் போதும். பாதுகாப்பு, பாதுகாப்புன்னா இதை விட என்ன பாதுகாப்பு?

பி.கு: வேற ஊர் பந்தயம் எதுலயாவது வீல்சேருக்கு முழுத் தூரமும் அனுமதி, நேரமும் குறிச்சுத் தர்றாங்கன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. தம்பி கேட்டுக்கிட்டே இருக்கான். 'மனதைத் தொட்ட பதிவு'ன்னு யாராவது போட்டீங்க, அழிச்சிடுவேன், ஆமா :-)